ஆத்துல மட்டி நிறைய கெடந்தா அது நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ஒருத்தர் என்கிட்ட கேட்ட கேள்வியில ரெண்டு விஷயம் இருக்கு. ஆத்துல உள்ளங்கை சைஸ்ல மட்டிங்க ஏகப்பட்டது கெடக்கு, அப்புறம் ஏன் நன்னீர் மட்டி அழியுதுன்னு எல்லாரும் பொலம்புறாங்க, இது ஒண்ணு. அதுல ரெண்டு எடுத்துட்டு வந்து மீன் தொட்டியில போட்டா தண்ணி சுத்தமாகுமா, இது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு பதில் சின்னது, வேணாம், போடாதீங்க, காரணத்த கடைசியில சொல்றேன் (அதுல என் சொந்தக் கதையும் இருக்கு, கொஞ்சம் நாத்தம் புடிச்ச கதை). முதல் கேள்விக்குத்தான் நேரம் எடுக்கும்.

நான் திருப்பி ஒண்ணு கேக்குறேன். அந்தக் கூட்டத்துல சுண்டுவிரல் நகம் சைஸ்ல எத்தன மட்டி பாத்தீங்க? ஒண்ணுகூட இல்லன்னா கூட்டம் எவ்ளோ பெருசா இருந்தாலும் எனக்கு பயம்தான். ஏன்னா இதுங்க ரொம்ப காலம் வாழுற ஜீவன், பல வகை 30, 40 வருஷம் அசால்டா இருக்கும், ஐரோப்பாவுல குளிர்ந்த ஆறுகள்ல இருக்கிற முத்து மட்டி 100 வருஷத்தையே தாண்டும், அது இனப்பெருக்கம் பண்ற வயசுக்கு வரவே 10, 12 வருஷம் ஆகும். அதனால ஒரு ஆத்துல குஞ்சு பொறக்கிறது 50 வருஷம் முன்னாடியே நின்னு போயிருந்தாலும் இன்னைக்கு இறங்கிப் பாக்கிறவங்க கண்ணுக்கு 'அடேயப்பா எவ்ளோ மட்டி'ன்னுதான் தெரியும். ஒரு ஊருக்குப் போறீங்க, தெரு நிறைய ஆளுங்க, ஆனா எல்லாருக்கும் 70 வயசு, பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள இல்ல. அந்த மாதிரி.

இதுல ஒண்ணு கவனிக்கணும், குஞ்சு கண்ணுல படலன்னா இல்லவே இல்லன்னு உடனே முடிவு பண்ணக்கூடாது. குஞ்சுங்க முதல் சில வருஷம் மணலுக்கும் சரளைக்கும் அடியில புதைஞ்சேதான் இருக்கும், முத்து மட்டிக் குஞ்சு 5 வருஷம் வரைக்கும்கூட மேல வராது. அதனாலதான் சர்வே பண்றவங்க மேலாப்புல எண்ணிட்டு போயிட மாட்டாங்க, ஒரு சதுர ஃப்ரேம ஆத்துத் தரையில வச்சு அதுக்குள்ள இருக்கிற மண்ண அள்ளி சல்லடையில சலிச்சுப் பாப்பாங்க. சலிச்சும் ஒண்ணும் வரலன்னாதான் வயித்த கலக்கும்.

சரி, குஞ்சு ஏன் வராம போகுது? இதுக்கு மட்டியோட பிறப்புக் கதை தெரியணும், நெஜமாவே சினிமாக்காரன்கூட யோசிக்காத கதை. ஆண் மட்டி விந்த ஆத்துத் தண்ணியில விட்டுடும், ஓட்டத்துல கீழ்ப்பக்கமா இருக்கிற பெண் மட்டி மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இழுக்கிற தண்ணியோட அது உள்ள போகும், முட்டை செவுளுக்குள்ளயே கருவாகும். அம்மாவோட செவுள்தான் தொட்டில். அங்க வளர்ற லார்வாவுக்கு குளோக்கிடியான்னு பேரு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல கால் பங்குகூட வராது, ரெண்டு குட்டி ஓடு, நடுவுல ஓட்ட மூடுறதுக்கு ஒரு தசை, அவ்ளோதான். இது தானா மண்ணுல விழுந்து மட்டியா வளர முடியாது. வெளிய வந்து கொஞ்ச நாளுக்குள்ள ஒரு மீனோட செவுளையோ துடுப்பையோ கவ்விப் புடிச்சாகணும், இல்லன்னா சாவு. கவ்விட்டா மீனோட தோலே அத சுத்தி வளர்ந்து மூடிக்கும், உள்ளயே இருந்து உருமாறி, தண்ணி சூடா இருந்தா சில வாரத்துல, முத்து மட்டின்னா பத்து மாசம் வரைக்கும்கூட ஆகி, முழு குட்டி மட்டியா கீழ விழும். மீனுக்கு பொதுவா பெரிய பாதிப்பு இல்ல. விழுற இடம் நல்ல மணலா இருக்கணும், அதுவும் அதிர்ஷ்டம்தான். முத்து மட்டி ஒரு பெண் ஒரு சீசன்ல பல லட்சம், சில சமயம் முப்பது நாப்பது லட்சம் குளோக்கிடியாவ விடுறதுக்கு காரணம் இதுதான், கிட்டத்தட்ட எல்லாமே வீணாப் போகும்.

இதுல ஒரு கூத்து என்னன்னா, செவுளுக்குள்ள இருக்கிறது மட்டியோட புள்ளைங்கதான்னு 1695-லயே லேவன்ஹூக்னு ஒரு நெதர்லாந்துக்காரர் தன் மைக்ரோஸ்கோப்ல பாத்து சொல்லிட்டாரு, ஆனா 1797-ல ராத்கேன்னு ஒருத்தர் வந்து இது மட்டிய தின்னுற ஒட்டுண்ணின்னு சொல்லி குளோக்கிடியம் பாராசிட்டிகம்னு பேரே வச்சுட்டாரு. ஒட்டுண்ணிங்கிறது உண்மைதான், ஆனா மட்டிக்கு இல்ல, மீனுக்கு. மீன் மேல ஒட்டிட்டு இருக்கிறத லைடிக்னு ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபுடிச்சது 1866-லதான்.

நான் முதல் தடவ இத மைக்ரோஸ்கோப்ல பாத்தது மறக்கவே மறக்காது. ஒரு சொட்டுத் தண்ணியில நூறு நூத்தம்பது குளோக்கிடியா, எல்லாம் வாயத் தொறந்துட்டு அசையாம கெடக்கு, செத்துப் போச்சோன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்தவரு ரெண்டு கல் உப்ப எடுத்து ஓரத்துல போட்டாரு. உப்பு கரைஞ்சு பரவப் பரவ ஓரத்துல இருந்து வரிசையா டப் டப்னு ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வருது, தெருவுல மழை வந்தா வீடு வீடா ஜன்னல் சாத்துவாங்களே அப்படி. உயிரோட இருக்கான்னு செக் பண்றதுக்கு இன்னைக்கும் இதே உப்பு டெஸ்ட்தான், மூடினா உயிர் இருக்கு, மூடலன்னா இல்ல.

அடுத்தது, எந்த மீன் வேணாலும் சரின்னு கெடையாது. மீனுக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கு, ஒத்துவராத மீன்ல ஒட்டினா சில நாள்லயே உதிர்த்துத் தள்ளிடும். முத்து மட்டிக்கு அட்லாண்டிக் சால்மன், பழுப்பு ட்ரவுட் இந்த ரெண்டும்தான். சில மட்டிக்கு பத்து பதினஞ்சு மீன் ஒத்துப்போகும், சிலதுக்கு ஒரே ஒரு வகை. வட அமெரிக்காவுல ஒரு மட்டி மீனையே விட்டுட்டு தண்ணிக்குள்ள வாழுற ஒரு சாலமாண்டர (பாக்க பல்லி மாதிரி, ஆனா தவளைக்கு சொந்தம்) புடிச்சுக்கிச்சு, அதுக்குப் பேரே சாலமாண்டர் மட்டி. இப்ப யோசிங்க, கண்ணு கெடையாது, தலையே கெடையாது, ஓட முடியாது, ஆனா ஓடுற மீன்ல, அதுவும் குறிப்பிட்ட மீன்ல, புள்ளைங்கள ஏத்தி விடணும்.

இதுக்கு அதுங்க பண்ற வேலைய கேட்டா நம்ப மாட்டீங்க. லாம்ப்ஸிலிஸ் வகை பெண் மட்டி ஓட்டுக்கு வெளிய ஒரு சதை மடிப்ப நீட்டும், அது அச்சு அசல் சின்ன மீன், கண்ணு மாதிரி ஒரு கரும்புள்ளி, பக்கவாட்டு கோடு, வால், எல்லாம் இருக்கும், மீன் நீந்துற மாதிரியே ஆட்டும். பெரிய மீன் இரைன்னு பாய்ஞ்சு கடிக்கும், அடியில இருக்கிற செவுள் பை கிழிஞ்சு வாய் நிறைய குளோக்கிடியா. ஹமியோட்டா வகை தூண்டிலே போடும், குளோக்கிடியாவ மீன் வடிவத்துல ரெண்டு பொட்டலமா கட்டி, கண்ணாடி மாதிரி ஒரு சளிக் கயித்தோட முனையில விட்டு தண்ணி ஓட்டத்துல ஆட விடும், கயிறு ரெண்டரை மீட்டர் நீளம் வரைக்கும் போகும். வில்லோசா ஐரிஸ்னு ஒரு மட்டி க்ரேஃபிஷ் (இறால் மாதிரி ஒரு நன்னீர் ஜீவன்) மாதிரி வேஷம் போடும். எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்னஃப்பாக்ஸ் மட்டி, இது ரவுடி. லாக்பெர்ச்னு ஒரு மீன் மூக்கால கல்லப் புரட்டிப் புரட்டி பூச்சி தேடும், இந்த மட்டி வாயத் தொறந்துட்டு காத்திருக்கும், மீன் மூக்க உள்ள விட்ட அடுத்த நொடி தலையோட சேத்து கவ்விப் புடிச்சு, ஓட்டோரத்துல உள்பக்கமா வளைஞ்ச பல்லு மாதிரி இருக்கிறதால மீன் நழுவவும் முடியாது, அப்படியே செவுளுக்குள்ள குளோக்கிடியாவ பம்ப் பண்ணி முடிச்சுட்டுதான் விடும். லாக்பெர்ச்சுக்கு மண்டை கெட்டி, தப்பிச்சுடும், மத்த சில சின்ன மீனுங்க இந்தப் புடியிலயே செத்துப் போகும். ஐரோப்பாவுல யூனியோ க்ராஸஸ்னு ஒண்ணு இருக்கு, அது கரையோரத்துக்கு நகர்ந்து வந்து பின்பக்கத்த தண்ணிக்கு மேல தூக்கி பீச்சாங்குழல் மாதிரி ஆத்துக்குள்ள பீச்சி அடிக்கும், அந்த சத்தத்துக்கு மேல வர்ற மீனுக்கு குளோக்கிடியா ரெடி.

(பிட்டர்லிங்னு ஒரு மீன் மட்டும் இந்தக் கணக்க தலைகீழா போட்டிருக்கு, அது ஒரு நீளக் குழாய் மாதிரி உறுப்ப மட்டிக்குள்ள விட்டு அங்க முட்டை வச்சுட்டுப் போயிடும், அதோட குஞ்சு மட்டிச் செவுள்ல வளரும், ஆனா ஐரோப்பிய மட்டிங்களோட குளோக்கிடியாவ தன்மேல பெருசா ஒட்டவிடாது. கிழக்காசியாவுல இருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த சைனோடோன்டா மட்டி அதுக்கு பழி வாங்கிடுச்சு, பிட்டர்லிங் முட்டைய துப்பிடும், தன் குளோக்கிடியாவ பிட்டர்லிங் மேலயே ஏத்திவிடும்.)

இவ்ளோ நீட்டி சொன்னதுக்கு காரணம், மட்டி அழியுறதுன்னா பாதி நேரம் அங்க மீன் போயிடுச்சுன்னு அர்த்தம், மட்டிக்கே நேரடியா ஒண்ணும் ஆகியிருக்காது. அமெரிக்காவுல சஸ்குவஹன்னா ஆறு இருக்கு, அதோட கீழ்ப்பகுதியில 1928-ல கோனோவிங்கோ அணை கட்டினாங்க. விலாங்கு மீன் கடல்ல பொறந்து ஆத்துல ஏறி வர்ற மீன், அணை வந்ததும் வழி அடைஞ்சு போச்சு. அணைக்கு மேல்பக்கம் இருந்த எலிப்டியோங்கிற மட்டிக்கு முக்கியமான மீனே விலாங்குதான். மட்டிங்க செத்துப் போகல, அங்கயேதான் இருந்துச்சு, தண்ணிய வடிகட்டிக்கிட்டு, வயசாகிக்கிட்டு, வருஷா வருஷம் குளோக்கிடியாவ விட்டுக்கிட்டு, ஏத்திக்க ஆள் இல்லாம. பக்கத்து டெலவேர் ஆத்துல மெயின் ஓட்டத்துல அணையே கெடையாது, விலாங்கு தாராளமா ஏறுது, அதே மட்டி அங்க எக்கச்சக்கமா இருக்கு. இப்ப அணைக்குக் கீழ விலாங்குக் குஞ்சுங்கள புடிச்சு வண்டியில ஏத்தி மேல கொண்டு போய் விடுறாங்க. மட்டியக் காப்பாத்த மட்டிய தொடவே இல்ல பாருங்க.

அணை இன்னும் பல விதத்துல கொல்லும். ஓடுற தண்ணி தேங்கிடும், சரளை மேல சேறு படியும், அணைக்கு அடியில இருந்து தொறந்து விடுற ஜில்லுத் தண்ணியில மட்டிக்கு முட்டை விந்து உருவாகிறதே கெட்டுப் போகும். அலபாமாவுல டென்னசி ஆத்துல மசல் ஷோல்ஸ்னு ஒரு ஆழமில்லாத நீண்ட பகுதி, அந்த ஒரு இடத்துலயே கிட்டத்தட்ட 70 வகை மட்டி இருந்துச்சு, ஐரோப்பா கண்டம் முழுக்க இருக்கிறதவிட ஜாஸ்தி. 1924-ல வில்சன் அணை முடிஞ்சு அதுல பெரும்பகுதி மூழ்கிப் போச்சு.

அதுக்கு முன்னாடியே சட்டை பட்டன் ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போயிருந்துச்சு. ஜான் பெப்பிள்னு ஜெர்மனியில இருந்து வந்த பட்டன் தொழிலாளி 1891-ல மிஸிஸிப்பி ஆத்துக் கரையில மஸ்கட்டீன்ங்கிற ஊர்ல கடை போட்டாரு, மட்டி ஓட்டுல வட்டம் வட்டமா வெட்டி பட்டன் செய்யுறது. 1905-ல அந்த ஒரு ஊரு மட்டும் 150 கோடி பட்டன் போட்டுச்சு. வகை வகையா மட்டிக்கு பன்னிக்கால் விரல், குரங்கு மூஞ்சி, யானைக் காது, துவைக்கிற பலகைன்னு இங்கிலீஷ்ல இன்னைக்கும் வழங்குற பேருங்கள பாத்தாலே ஆத்துல இறங்கி அள்ளினவங்க வச்ச பேருன்னு தோணும். இருபது வருஷத்துக்குள்ள ஆத்துல மட்டி தீந்து போக ஆரம்பிச்சு, அரசாங்கமே 1908-ல அயோவாவுல ஃபேர்போர்ட்ல மட்டி வளர்க்கிற நிலையம் வைக்க வேண்டியதாச்சு. பெப்பிள் கடைசியில ஆத்துல மட்டி தேடும்போது ஓடு கால்ல கிழிச்சு, அது சீழ் புடிச்சு 1912-ல செத்துப் போனாரு. இத நான் கதை கட்டல. அப்புறம் பிளாஸ்டிக் பட்டன் வந்ததும் தொழில் படுத்துச்சு, ஆனா ஓட்டுக்கு வேற கிராக்கி வந்துச்சு, ஜப்பான்ல வளர்ப்பு முத்துக்கு உள்ள வைக்கிற உருண்டை இந்த ஆத்து மட்டி ஓட்டுல இருந்துதான்.

இன்னைக்கு பெரிய தலைவலி கண்ணுக்குத் தெரியாதது, அம்மோனியா. மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்கிற குஞ்சுக்கு மண் இடுக்குத் தண்ணிதான் உலகம், அங்க அம்மோனியா கொஞ்சம் ஏறினாலும் மீன் தாங்குறத இது தாங்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஏஜென்சி 2013-ல நன்னீர் அம்மோனியா அளவ இறுக்கினதுக்கு முக்கிய காரணமே மட்டி மேல பண்ண டெஸ்ட்டுங்கதான். தாமிரமும் இதே கதை. ஒரு ஆத்துல மீன் நல்லா துள்ளுது, பெரிய மட்டியும் உயிரோட இருக்கு, தண்ணி ரிப்போர்ட்டும் பரவால்ல, ஆனா குஞ்சு மட்டும் இல்லன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது இதத்தான், அடுத்தது சேறு.

அப்புறம் வரிக்குதிரை மட்டி. பேர்ல மட்டி இருக்கே தவிர இதுக்கும் நம்ம ஆத்து மட்டிக்கும் நெருங்குன சொந்தம் கெடையாது. கருங்கடல் காஸ்பியன் பக்கத்து சரக்கு, கப்பலோட தண்ணித் தொட்டியில வந்து 1988-ல அமெரிக்கா கனடா எல்லையில இருக்கிற லேக் செயின்ட் க்ளேர் ஏரியில மாட்டுச்சு. இதோட லார்வா தானா நீந்தி வளரும், மீனே தேவையில்ல, அதான் அதோட வெற்றி. நார் விட்டு எது மேல வேணாலும் ஒட்டும், ஆத்து மட்டி மேலயே நூத்துக்கணக்குல ஏறி உக்காந்தா அதால ஓட்டத் தொறக்கவும் முடியாது, திங்கவும் முடியாது.

மொத்தக் கணக்கு சொல்லணும்னா உலகத்துல நம்ம ஆத்து மட்டி கிட்டத்தட்ட 900 வகை, அதுல 300 வட அமெரிக்காவுல, அந்த 300-ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஏதோ ஒரு ஆபத்துல. 2023 அக்டோபர்ல அமெரிக்க அரசு 21 உயிரினம் அழிஞ்சே போச்சுன்னு சொல்லி பாதுகாப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு, அதுல 8 மட்டி. நியூஸ்ல பறவைங்க போட்டோதான் வந்துச்சு, மட்டிய யாரு போடுவா.

காப்பாத்துறதுக்கு நடக்கிற வேலையில எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனா மெதுவான வேலை. வளர்ப்பு நிலையத்துல வயித்துப் புள்ளைக்காரி மட்டிய லேசா ரெண்டு மூணு மில்லிமீட்டர் தொறந்து (ஜாஸ்தி தொறந்தா தசை அறுந்துடும், கை நடுங்குறவங்களுக்கு இந்த வேலை ஆகாது) செவுள்ல ஊசியால தண்ணி அடிச்சு குளோக்கிடியாவ வழிய விடுவாங்க, உப்பு டெஸ்ட் பண்ணுவாங்க, சரியான மீன வாளியில விட்டு காத்துக் குமிழி ஓட விட்டு அதுல ஊத்துவாங்க. அப்புறம் மீன தொட்டிக்கு மாத்தி, தினம் தரைய உறிஞ்சி சல்லடையில பாத்தா ஒருநாள் மணல் துகள் மாதிரி ஒண்ணு குட்டியா ஒரு கால நீட்டி நடக்கும். அத வருஷக்கணக்குல வளர்த்து, ஓட்டுல நம்பர் ஒட்டி ஆத்துல விடுறது. மீன் இல்லாம ரத்த சீரத்துல (ரத்தத்துல அணுவெல்லாம் நீக்கின தெளிஞ்ச திரவம்) வச்சு உருமாற வைக்கிற முறையும் இருக்கு. ஆனா என் கருத்து, மீனும் மண்ணும் சரியாகாத ஆத்துல குஞ்ச கொண்டு போய் கொட்டுறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற வேலை. அணைய எடுக்கிறது, மீன் ஏற வழி விடுறது, கரையில செடி விட்டு சேறு வராம தடுக்கிறது, இதுங்களுக்கு அப்புறம்தான் குஞ்சு.

இப்ப தொட்டி விஷயம். மட்டி வடிகட்டும், வளர்ந்த ஒண்ணு ஒரு நாளைக்கு பல லிட்டர், பெருசு சிலது 40, 50 லிட்டர்கூட, ஆனா அது வடிகட்டுறது சாப்பாட்டுக்கு. பாசி, பாக்டீரியா, நுண்துகள் இதெல்லாம் ஆத்துல ஓயாம வந்துக்கிட்டே இருக்கும். வீட்டுத் தொட்டி அதுக்கு பாலைவனம். ரெண்டு மூணு நாள் தண்ணி கண்ணாடி மாதிரி ஆகும், நமக்கு சந்தோஷம், அதுக்கு அன்னையில இருந்து பட்டினி. மெதுவா மாசக்கணக்குல மெலிஞ்சு சாகும், மணலுக்குள்ள இருக்கிறதால தெரியவே தெரியாது. நான் வச்சிருந்தது அஞ்சாவது மாசம் செத்துச்சு, நான் ரெண்டு நாள் ஊர்ல இல்ல, வந்து கதவத் தொறந்தா நாத்தம், தொட்டி பால் மாதிரி கலங்கி, அது அழுகுன அம்மோனியாவுல பதினொரு மீனும் மேல மெதந்துக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணு, தொட்டித் தண்ணிய வெளிய கொட்டும்போது எது எங்க போய் சேரும்னு நம்ம கையில இல்ல. 2021-ல அமெரிக்காவுல தொட்டிக்குப் போடுற பாசி உருண்டைக்குள்ள வரிக்குதிரை மட்டி ஒளிஞ்சிருந்து கடை கடையா போயிருந்துச்சு. நீங்க எடுக்கிறது பாதுகாக்கப்பட்ட வகையா இருந்தா பல நாட்டுல அது சட்டப்படி குத்தமும் ஆகும்.

பாக்கணும்னா ஆத்துலயே பாருங்க. நிழல் விழாம கொஞ்ச நேரம் அசையாம நின்னா மணலுக்கு மேல ரெண்டு ஓட்டை தெரியும், ஒண்ணுக்கு ஓரத்துல கண்ணிமை முடி மாதிரி சின்னச் சின்ன விரல் இருக்கும், அதான் தண்ணி உள்ள போற வழி, பக்கத்துல மொழுமொழுன்னு இருக்கிறது வெளிய வர்ற வழி. காலி ஓடு கெடச்சா சைஸ் வாரியா போட்டோ எடுத்து வைங்க, சின்னது இருக்கான்னு முக்கியமா பாருங்க. உயிரோட இருக்கிறத ஒருவேள எடுத்துட்டா எடுத்த அதே இடத்துல, அந்த ரெண்டு ஓட்டை இருக்கிற பக்கம் மேல வர்ற மாதிரி நட்டு வைங்க. எந்தப் பக்கம்னு சந்தேகமா இருந்தா சும்மா படுக்க வச்சுட்டு வந்துடுங்க, நீங்க போனதும் அதுவே கால நீட்டி மண்ணத் தோண்டி நிமிந்துக்கும், அதுக்கு நேரம் ஆகும், அவசரப்படாது.